முதல் நம்பரை யாரு போடறது?

1/
பொறியியல் கவுன்சிலிங் சீசன்ல அனகாபுத்தூர்ல நம்ம கிளினிக்குக்கு ஒரு அம்மா வந்தாங்க. பிரஷர் பார்க்க வந்தவங்க, பையனோட பத்து இலக்க ரேண்டம் நம்பரை போன்ல காட்டி, "சார், இது நல்ல நம்பரா?"னு கேட்டாங்க.

2/
"எல்லாமே சமமா வந்து நிக்கிறப்போதான்மா இந்த நம்பரைப் பார்ப்பாங்க. கட்-ஆஃப், மேத்ஸ், பிசிக்ஸ், பிறந்த தேதி எல்லாம் ஒண்ணா இருந்தா, பெரிய நம்பர் வெச்சிருக்கிற பையன் முன்னாடி போவான். அவ்வளவுதான்"னு சொன்னேன்.

3/
அவங்க விடல. "இந்த நம்பரை யாரு போட்டது?" கம்ப்யூட்டர்மா. "கம்ப்யூட்டருக்கு யாரு சொன்னது?"

பதில் சொல்லத் தெரியாம ஒரு நிமிஷம் முழிச்சேன். ஏன்னா இது சாதாரணக் கேள்வி இல்ல. மருத்துவ ஆய்வுகளோட நம்பகத்தன்மையே இந்தக் கேள்வியிலதான் நிக்குது. அதோட வரலாறுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

4/
நம்ம ஊர்லேருந்தே ஆரம்பிக்கலாம். செங்கல்பட்டு வழியா போனா உத்திரமேரூர். அங்க வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கு. கி.பி. 919, 921. குடவோலை முறை. பள்ளிக்கூடத்துல எல்லாரும் படிச்சிருப்போம். ஆனா அதுல இருக்கிற நடைமுறை விவரங்களை யாரும் நின்னு பார்த்ததில்ல.

5/
ஊர் 30 குடும்புகளா பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டி, குடத்தில் போடுவார்கள். அங்கே இருக்கும் கோயில் அர்ச்சகர்களில் வயதில் மூத்தவர் எழுந்து, எல்லோரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு சிறுவன்தான் ஒரு கட்டை எடுப்பான். அதை இன்னொரு குடத்தில் கொட்டிக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலை எடுக்கப்படும்.

6/
அந்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை மறைந்திருக்கக் கூடாது, இல்லையா? அவர் வாசித்த பிறகு, அங்கே இருக்கும் அர்ச்சகர்கள் எல்லோரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும்.

அது நிலம் வைத்திருந்த பிராமண ஆண்களின் சபை; எல்லாருக்குமான ஜனநாயகம் இல்ல. அதையும் சேர்த்தே சொல்லணும். ஆனா குலுக்கலை எப்படி நடத்தணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

7/
ரெண்டு விதி கவனிச்சீங்களா? எடுக்கிறதுக்கு முன்னாடி யாருக்கும் தெரியக் கூடாது. எடுத்ததுக்கு அப்புறம் எல்லாரும் சரிபார்க்கணும். இந்த ரெண்டையும் மனசுல வெச்சுக்கோங்க. மீதி ஆயிரம் வருஷமும் இதைச் சுத்தித்தான்.

8/
இப்போ மருத்துவத்துக்கு வருவோம். ஒரு புது மருந்து வேலை செய்யுதான்னு பார்க்க, பாதிப் பேருக்குக் கொடுக்கணும், பாதிப் பேருக்குக் கொடுக்கக் கூடாது. யாருக்குக் கொடுக்கிறது? டாக்டர் கையில விட்டா, தெரிஞ்சோ தெரியாமலோ தேறுவார்னு தோணுறவருக்குப் புது மருந்தைக் கொடுத்துடுவார். மருந்து ஜெயிச்ச மாதிரி தெரியும்.

9/
ஒருத்தர் விட்டு ஒருத்தர்னு கொடுத்தா? அடுத்தது எந்தப் பிரிவுன்னு டாக்டருக்குத் தெரிஞ்சுடுமே. "இவர் ரொம்ப மோசமா இருக்கார், நாளைக்குச் சேர்த்துக்கலாம்"னு ஒத்திப்போட்டா போதும், ஆய்வு கெட்டுப் போச்சு.

10/
இதுக்கு பிரிட்டனில் புள்ளியியலாளர் பிராட்ஃபோர்ட் ஹில் ஒரு வழி கண்டார். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை காசநோய்க்குச் சோதித்த ஆய்வு, 1948-ல் வெளியானது. ரேண்டம் எண் பட்டியலைப் பார்த்து ஒதுக்கீடு எழுதி, ஒட்டிய கவர்களில் போட்டார்கள். நோயாளியை ஆய்வில் சேர்த்த பிறகுதான் கவரைப் பிரிக்க முடியும். மொத்தம் 107 பேர். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். ஒட்டிய கவர்தான் அந்தக் காலத்துக் குடம்.

11/
இதே முறை 1956-ல் நம்ம சென்னைக்கு வந்தது. அப்போ காசநோய்னா சானடோரியம்தான். நம்ம பக்கத்துத் தாம்பரம் சானடோரியம் 1928-ல் டாக்டர் சௌரி முத்து ஆரம்பிச்சது. 1937-ல் அரசாங்கம் எடுத்துக்கிச்சு. நல்ல காத்து, நல்ல சாப்பாடு, மாசக்கணக்குல ஓய்வு. ஆனா நாட்டுல இருந்த நோயாளிகளுக்கு அத்தனை கட்டில் எங்க போறது?

12/
சென்னைல அமைச்ச காசநோய் வேதிச்சிகிச்சை மையம் ஒரு துணிச்சலான கேள்வி கேட்டது: மாத்திரையை வீட்டிலேயே கொடுத்தா என்ன? நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேர். குலுக்கல் முறையில் பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் வீட்டுக்கு. இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம்.

13/
1959-ல் முடிவு வந்தது. சானடோரியத்தில் 92%, வீட்டில் 86% பேருக்கு நோய் அடங்கியிருந்தது. நெரிசலான வீடு, குறைவான சாப்பாடு, அப்படியும் கிட்டத்தட்ட அதே பலன். வீட்டில் இருந்தவங்களுக்குக் கூடுதலா தொத்தவும் இல்ல. உலகம் முழுக்க சானடோரியம் காலம் முடியறதுக்கு இந்த ஆய்வு பெரிய காரணம். அந்த மையம்தான் இன்னிக்கு சேத்துப்பட்டுல இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

14/
யோசிச்சுப் பாருங்க. யார் வீட்டுக்கு, யார் சானடோரியத்துக்குன்னு டாக்டர்களே முடிவு பண்ணியிருந்தா, "லேசான கேஸை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க"ன்னு யாராவது ஒரு வரியில தள்ளியிருப்பாங்க. குலுக்கல்ங்கறதால அப்படிச் சொல்ல முடியல.

15/
சரி, அந்த ரேண்டம் எண் பட்டியல் எங்கிருந்து வந்தது? 1927-ல் டிப்பெட் என்பவர் மக்கள்தொகைக் கணக்கு அறிக்கைகளிலிருந்து 41,600 இலக்கங்களை எடுத்துப் புத்தகமாகப் போட்டார். 1955-ல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் பத்து லட்சம் இலக்கம் கொண்ட புத்தகமே வெளியிட்டது. உள்ளே கதை கிடையாது, வெறும் நம்பர்தான்!

16/
இங்கதான் அந்த அம்மாவோட கேள்வி வருது. புத்தகத்துல எந்தப் பக்கத்துல ஆரம்பிக்கறது? ராண்ட் புத்தகமே வழி சொல்லுது: ஏதோ ஒரு பக்கத்தைத் திற, கண்ணை மூடி ஒரு ஐந்து இலக்க எண்ணைத் தொடு, அந்த எண் எங்கே ஆரம்பிக்கணும்னு சொல்லும். அந்தத் தொடக்க எண்தான் பின்னாடி கம்ப்யூட்டர் உலகத்துல "சீட்" ஆச்சு. சீட்னா விதை.

17/
கம்ப்யூட்டருக்குக் குலுக்கத் தெரியாது. கணக்குதான் போடத் தெரியும். 1940-களின் கடைசியில் லேமர் சொன்ன வழியைச் சின்னதாக்கிப் பார்ப்போம்: ஒரு எண்ணை 5-ஆல் பெருக்கு, 3 கூட்டு, 16-ஆல் வகுத்து மீதியை எடு. 7-ல் ஆரம்பிச்சா 6, 1, 8, 11, 10, 5... குலுக்கிப் போட்ட மாதிரி இருக்கு. ஆனா நீங்க போட்டாலும் நான் போட்டாலும் 7-க்கு அப்புறம் 6-தான்.

18/
பஸ் ரூட் ஒண்ணுதான். நாம ஏறுற ஸ்டாப்தான் சீட். 8-ல ஏறினா 11, 10, 5னு அதே வழிதான். இன்னிக்கு ஆர், பைத்தான்ல ஓடற "மெர்சென் ட்விஸ்டர்" 1998-ல் ஜப்பானின் மட்சுமோட்டோ, நிஷிமுரா வெளியிட்டது. அதோட ரூட் 2-இன் 19937-ஆம் அடுக்கு நீளம். நம்ம ஆயுசுல சுத்தி முடியாது. ஆனாலும் ஸ்டாப் தெரிஞ்சா அடுத்து என்ன வரும்னு அப்படியே தெரியும்.

19/
உலகம் பூரா புரோகிராம் எழுதறவங்க போடற சீட் எது தெரியுமா? 42. டக்ளஸ் ஆடம்ஸ் கதைல வர்ற ஜோக் நம்பர். இல்லன்னா 123. நான் ரொம்ப நாளா போட்டது 1729. ராமானுஜன் டாக்ஸி நம்பர். எங்க ஏரியாக்காரனுக்கு இதுல கூடுதல் பெருமை: இங்கிலாந்துல மெண்டிப் ஹில்ஸ் சானடோரியத்துல ராமானுஜனுக்கு வைத்தியம் பார்த்தவர், தாம்பரம் சானடோரியம் ஆரம்பிச்ச அதே சௌரி முத்துதான்.

20/
கணக்குக்கு 42-ம் ஒண்ணு, 1729-ம் ஒண்ணு. ராசியான சீட்னு எதுவும் கிடையாது. ஆனா நோயாளிகளை ஒதுக்கறதுக்கு 42 போட்டா ஆபத்து. ஜூனியர் டாக்டர் ஒருத்தர் லேப்டாப்ல அதே கட்டளையை ஓட்டி, அடுத்த நோயாளி எந்தப் பிரிவுன்னு பார்த்துடலாம். கவரை வெளிச்சத்துல காட்டிப் படிக்கிற மாதிரிதான்.

21/
மிகையா சொல்றேன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவின் பல மாநில லாட்டரிகளுக்குக் குலுக்கல் மென்பொருளை எழுதினவர் எடி டிப்டன். வருஷத்துல சில குறிப்பிட்ட நாள்ல மட்டும் கணிக்கக்கூடிய எண்கள் வர்ற மாதிரி வரிகளைச் சொருகி வெச்சார். 2010-ல் கோடிக்கணக்கான டாலர் பரிசுச் சீட்டை அவரே வாங்கி, கேமராவுல சிக்கினார். 2017-ல் 25 வருஷம் வரை சிறைத் தண்டனை. குடத்தைச் செஞ்சவனே உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்சு வெச்சிருந்தான்.

22/
அதே 2017-ல் கொலராடோ மாநிலம் வேற மாதிரி பண்ணிச்சு. ஓட்டுச் சீட்டுகளைத் தணிக்கை பண்ண மாதிரி எடுக்கணும். பொதுக் கூட்டத்துல, எல்லார் முன்னாடியும் பத்து முகப் பகடையை 20 தடவை உருட்டி, அந்த 20 இலக்கத்தை சீடா போட்டாங்க. முன்னாடி யாருக்கும் தெரியாது, பின்னாடி யார் வேணா ஓட்டிச் சரிபார்க்கலாம். உத்திரமேரூர்ச் சிறுவனும் விரிச்ச கையும் ஞாபகம் வருதா?

23/
இப்போ என் கதை. பி.ஜி. படிக்கும்போது தீசிஸ். சர்க்கரை நோயாளிகளோட கால் புண்ணுக்கு ரெண்டு வகை கட்டு, எது நல்லதுன்னு. கம்ப்யூட்டர்ல 1,000 தடவை கலைச்சுப் பார்க்கிற ஒரு டெஸ்ட். பி மதிப்பு 0.05-க்குக் கீழ வந்தா "புதுக் கட்டு நல்லது"னு எழுதலாம். எனக்கு வந்தது 0.056.

24/
சீனியர் ஒருத்தர் சாதாரணமா சொன்னார்: "சீட் மாத்திப் பாரேன்." மாத்தினேன். 0.053. மறுபடி. 0.058. அஞ்சாவது தடவை 0.047. அதையே எழுதினேன். வைவாவுல ஒருத்தரும் கேக்கல. பாஸ்.

25/
பல வருஷம் கழிச்சு ஒரு ராத்திரி, அதே டேட்டாவை ஒரு லட்சம் தடவை கலைச்சு ஓட்டினேன். எந்த சீட் போட்டாலும் 0.054 பக்கத்துலேயே நின்னுச்சு. 1,000 தடவைன்னா 0.007 அளவுக்கு முன்ன பின்ன ஆடறது சகஜம். அந்த ஆட்டத்துல எனக்குப் பிடிச்ச இடத்துல நிறுத்திக்கிட்டேன். 0.054-க்கும் 0.047-க்கும் மருத்துவ ரீதியா பெரிய வித்தியாசம் இல்ல, உண்மைதான். ஆனா பிடிச்ச ஓலை வர்ற வரைக்கும் கையை விட்டு விட்டு எடுத்தது நான்தான். வழிகாட்டியா இருந்த பேராசிரியருக்கு எழுதிச் சொன்னேன். நூலக அலமாரில அந்தத் தீசிஸ் இன்னும் அப்படியேதான் இருக்கு.

26/
அதனால தீசிஸ் எழுதற தம்பி, தங்கச்சிங்களுக்கு நாலு விஷயம்:

நோயாளிகளை ஒதுக்கற சீடை, சிகிச்சை கொடுக்காத ஒருத்தர் பகடை உருட்டி எடுக்கட்டும். எழுதி, கவர்ல போட்டு ஒட்டி, ஆய்வு முடியற வரைக்கும் பூட்டி வைங்க.

அலசறதுக்கான சீடை டேட்டா பார்க்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க. 42-ஓ பிறந்த தேதியோ, எதுவானாலும் பரவாயில்ல.

சீட், மென்பொருள், அதோட வெர்ஷன் மூணையும் தீசிஸ்ல எழுதுங்க. வெர்ஷன் மாறினா அதே சீடுக்கு வேற எண் வரலாம்.

வேற சீட்லயும் ஓட்டிப் பாருங்க, சரிபார்க்க மட்டும். முடிவு மாறுதுன்னா சீடை மாத்தாதீங்க, தடவையைக் கூட்டுங்க.

27/
மருத்துவ ஆய்வுகளுக்கான சர்வதேச வழிகாட்டுதல் 1998-லேயே சொல்லுது: தேவைப்பட்டா ஒதுக்கீட்டுப் பட்டியலை மறுபடி உருவாக்க முடியணும். நம்ம நாட்டுல 2007-ல ஆரம்பிச்ச மருத்துவ ஆய்வுப் பதிவேட்டுலயும், எண்ணை எப்படி உருவாக்கினீங்க, எப்படி மறைச்சீங்கன்னு ரெண்டு கேள்வி இருக்கு. யாரோ போட்ட பழைய பதிலைக் காப்பி அடிக்காம, உண்மையைப் போடுங்க.

28/
அந்த அம்மா அடுத்த மாசம் மறுபடி பிரஷர் பார்க்க வந்தாங்க. பையனுக்கு சீட் கிடைச்சாச்சு. இது காலேஜ் சீட்! ரேண்டம் நம்பர் வரைக்கும் போகவே இல்லையாம், கட்-ஆஃப்லயே முடிஞ்சுது. "அன்னிக்குக் கேட்டேனே சார், கம்ப்யூட்டருக்கு யாரு சொன்னதுன்னு?" ஞாபகம் வெச்சிருந்தாங்க.

29/
"யாரோ ஒரு மனுஷன் ஒரு முதல் நம்பர் கொடுக்கணும்மா. அவர் அதை முன்னாடி யாருக்கும் சொல்லாம, பின்னாடி எல்லாருக்கும் காட்டினா நம்பலாம்"னேன்.

"எங்க ஏலச்சீட்டு அக்காவும் அப்படித்தான் சார். பேரு எழுதின துண்டெல்லாம் எங்க முன்னாடி டப்பால போட்டு, பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லும்"னாங்க.

பிரஷர் 130/80. மாத்திரையைத் தொடரச் சொல்லி அனுப்பினேன்.

தீசிஸ் எழுதற யாராவது தெரிஞ்சா இதை அனுப்புங்க.