குழந்தைக்கு வீசிங்: ஊசி இல்லாமல், ஊதினாலே வீக்கம் தெரியுமா? 'ஃபீனோ' டெஸ்ட் சொல்வது என்ன?

"இருமல்தான் நின்னுடுச்சே, இன்னும் எதுக்கு இன்ஹேலர்?" வீசிங் உள்ள குழந்தைகளின் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. (ஆஸ்துமா என்ற சொல்லுக்குப் பயந்து பல வீடுகளில் வீசிங் என்றுதான் சொல்கிறார்கள்.) இருமல் நின்றிருக்கலாம், இளைப்பும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் மூச்சுக்குழாயின் உள்சுவரில் அழற்சி, அதாவது வீக்கம், அப்படியே இருக்க வாய்ப்பு உண்டு. அடுத்த சளியிலோ தூசியிலோ நள்ளிரவில் நெபுலைசரைத் தேடி ஓடவைப்பது இந்த வீக்கம்தான்.

வழக்கமாக ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி, குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதைக் காட்டும். வீக்கத்தை நேரடியாகக் காட்டாது. அதை நேரில் பார்க்க மயக்க மருந்து கொடுத்து நுரையீரலுக்குள் குழாய் விட வேண்டும். விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு செக்கப்பிலும் அதைச் செய்ய முடியாது. அதனால்தான் மூச்சுக்காற்றிலேயே வீக்கத்தின் தடயத்தைத் தேடும் முறை வந்தது.

மூச்சில் என்ன இருக்கிறது?

நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு. பல் டாக்டர்கள் பயன்படுத்தும் சிரிப்பு வாயு இல்லை. அது நைட்ரஸ் ஆக்சைடு. நாம் வெளிவிடும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு இருப்பதை 1991இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆஸ்துமா நோயாளிகளின் மூச்சில் அது கூடுதலாக இருப்பது 1993இல் தெரியவந்தது. ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் சேரும் அலர்ஜி வகை வீக்கத்தில், மூச்சுக்குழாய் சுவரின் செல்கள் இந்த வாயுவை அதிகமாக உற்பத்தி செய்கின்றன. இதை அளப்பதுதான் ஃபீனோ டெஸ்ட். அளவு 'பிபிபி' கணக்கில் வரும்: 100 கோடி பங்கு காற்றில் எத்தனை பங்கு என்பது.

எப்படி எடுக்கிறார்கள்?

குழந்தை கருவி வழியாக முழு மூச்சு இழுத்து, ஒரே சீரான வேகத்தில் மெதுவாக ஊத வேண்டும். பலூன் ஊதுவதுபோல் வேகமாக ஊதினால் கணக்கு தப்பிவிடும். 12 வயதுக்குக் கீழ் குறைந்தது 4 விநாடி, அதற்கு மேல் 6 விநாடி. கருவி லேசாக எதிர்ப்பு கொடுக்கும். இதற்கு ஒரு காரணம் உண்டு. மூக்கில் நைட்ரிக் ஆக்சைடு மிக அதிகம். அழுத்தி ஊதும்போது அண்ணத்தின் பின்பகுதி மூடிக்கொள்வதால் மூக்குக் காற்று கலக்காது.

டெஸ்டுக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. நைட்ரேட் நிறைந்த பீட்ரூட், கீரை சாப்பிட்டிருந்தால் எண் ஏறும். சளி பிடித்திருந்தாலும் ஏறலாம். ஸ்பைரோமெட்ரியும் அதே நாளில் என்றால், ஃபீனோவை முதலில் எடுத்துவிட வேண்டும்.

எண் எவ்வளவு வந்தால் என்ன?

அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கத்தின் 2011 வழிகாட்டுதல்படி, 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 20க்குக் கீழ் என்றால் ஈசினோஃபில் வீக்கம் இருக்கும் வாய்ப்பு குறைவு, 35க்கு மேல் என்றால் அதிகம். இடைப்பட்ட எண்ணைக் குழந்தையின் அறிகுறிகளோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பிரிட்டனில் 2024இல் வெளியான வழிகாட்டுதல், 5 முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்கு ஆஸ்துமா அறிகுறிகளுடன் 35 அல்லது அதற்கு மேல் வந்தால் நோயை உறுதி செய்யலாம் என்கிறது.

எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது. மூக்கு அலர்ஜி மட்டும் உள்ள குழந்தைக்கும் எண் உயரலாம். ஈசினோஃபில் சேராத வகை ஆஸ்துமாவில் எண் நார்மலாகவே இருக்கும். ஸ்டீராய்டு இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தாலும் எண் இறங்கும். அப்படி இறங்கியதைப் பார்த்து, 'சரியாயிடுச்சு' என்று பெற்றோர் தாங்களாகவே மருந்தை நிறுத்துவதுதான் ஆபத்து. மருந்து வேலை செய்கிறது என்பதே அதன் பொருள்.

மருந்து எடுத்தும் எண் இறங்கவில்லையா? டோஸைக் கூட்டுவதற்கு முன் டாக்டர் கேட்பது, இன்ஹேலரை தினமும் எடுக்கிறானா, ஸ்பேசர் வைத்து சரியாக இழுக்கிறானா என்பதைத்தான். பல நேரம் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

ஃபீனோ எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைத்தால் பலன் உண்டா என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016 காக்ரேன் மதிப்பாய்வு, அட்டாக் வரும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைவதாகச் சொன்னது. அன்றாட அறிகுறிகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

வேறு வழிகள்?

உப்புக் கரைசலை நெபுலைசரில் கொடுத்துச் சளியை வெளியே எடுத்து அணுக்களை எண்ணலாம். சிறு பிள்ளைகளுக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். மூச்சுக்காற்றைக் குளிரவைத்து நீராக்கிச் சோதிக்கும் முறை இன்னும் ஆய்வகங்களைத் தாண்டவில்லை. ஈசினோஃபில் அளவை ரத்தத்திலும் பார்க்கலாம், ஆனால் ஊசி குத்த வேண்டும்.

5 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு சீராக ஊத வராது என்பதால் ஃபீனோ பொதுவாகக் கைகொடுப்பதில்லை. அங்கே டாக்டருக்கு உதவுவது பெற்றோர் சொல்லும் விவரம்தான்: இருமல் இரவில் வருகிறதா, ஓடி விளையாடினால், சிரித்தால் வருகிறதா, சளி இல்லாத நாளிலும் இளைக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா. இளைக்கும்போது செல்போனில் ஒரு வீடியோ எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது.