எஃபெக்ட் வரிசை (காணொளித் திருத்தம்)

படம்பிடித்த காட்சியைச் சீர்செய்யும்போது நாய்ஸ் நீக்கம், நிறத் திருத்தம், கூர்மையாக்கம் முதலியவற்றில் எதை முதலில் இடுவது, எதைப் பின்னால் வைப்பது என்ற ஒழுங்கே எஃபெக்ட் வரிசை. ஒவ்வொரு எஃபெக்ட்டும் தனக்கு முந்தையது கொடுத்த படத்தை வாங்கித்தான் வேலை செய்கிறது. மூலக் காட்சியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் எஃபெக்ட்டுகளும் அவற்றின் அளவுகளும் மாறாமல் இருந்தாலும், வரிசை மாறினால் படம் மாறக்கூடும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. 8 பிட் படத்தில் ஒரு புள்ளியின் ஒளி 0 முதல் 255 வரைதான் போகலாம். 240 உள்ள புள்ளிக்கு 40 கூட்டினால் 280 வரவேண்டும். ஆனால் 255-இல் வெட்டுப்படும். அதிலிருந்து 40 கழித்தால் 215. முதலில் கழித்துப் பிறகு கூட்டியிருந்தால் 240 அப்படியே கிடைத்திருக்கும். வெட்டுப்பட்ட இடத்தில் மேகத்தின் மடிப்போ வெள்ளைத் துணியின் நெசவோ இருந்திருந்தால் அது வெறும் வெண்மையாகிப்போகும். பின்னால் வரும் எந்த எஃபெக்ட்டாலும் அதை மீட்க முடியாது. 32 பிட் ஃப்ளோட் கணக்கில் ஓடும் மென்பொருள்களில் 280-உம் தப்பிப் பிழைக்கும். அங்கும் வரிசை பொருட்டில்லை என்று சொல்லிவிட முடியாது: 100-ஐ 1.2-ஆல் பெருக்கி 20 கூட்டினால் 140. 20 கூட்டியபின் பெருக்கினால் 144.

வரிசையை முடிவுசெய்ய நம்பத்தக்க வழி, குறைகள் படத்துக்குள் நுழைந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிப்பது. முதலில் கேமரா ஆடுகிறது. ஆடும் காட்சியை லென்ஸ் வளைக்கிறது. வளைந்ததை சென்சார் நாய்ஸோடு பதிகிறது. கடைசியாக கம்ப்ரெஷன் அதைக் கட்டம் கட்டமாகச் சிதைக்கிறது. திருத்தும்போது கம்ப்ரெஷன் கட்டங்களும் நாய்ஸும் முதலில் போக வேண்டும், பிறகு லென்ஸ் வளைவு, அதன்பின் ஆட்டம். லென்ஸ் வளைவை நேராக்காமல் ஆட்டத்தை நிறுத்தினால் வளைவின் மையம் ஃபிரேமின் மையத்தை விட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். ஓரங்கள் ஜெல்லியைப் போல நெளியும்.

பழைய வீடியோ கேசட்டுகளில் இன்னொரு கட்டாயம் உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் வழங்கிய பி.ஏ.எல். முறையில் நொடிக்கு 25 ஃபிரேம்கள். ஒவ்வொன்றும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரண்டு ஃபீல்டுகள். ஆக நொடிக்கு 50 தனித்தனிக் கணங்கள். இவற்றைப் பிரிக்கும் டீஇன்டர்லேஸ் நடக்குமுன் படத்தின் உயரத்தை மாற்றினால் இரு கணங்களும் ஒன்றோடொன்று கலந்துவிடும். பிறகு எந்தக் கருவியாலும் பிரிக்க முடியாது. கேசட்டைக் கணினிக்கு மாற்றுகிறவர்கள் இந்த ஒன்றில் மட்டும் சமரசம் செய்யவே கூடாது.

நாய்ஸ் நீக்கம், நிறத் திருத்தம் இரண்டில் எது முந்தியது என்பதில் கலரிஸ்ட்டுகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. இருளை உயர்த்தினால் அதிலுள்ள நாய்ஸும் உயரும். கூர்மையாக்கம் நாய்ஸையும் நுணுக்கம் என்றே எண்ணிக் கூர்தீட்டும். எனவே நாய்ஸ் நீக்கம் முன்னால் வருவதே பொதுவாக நல்லது. எஸ்-லாக்3, லாக்-சி போன்ற லாக் (ஒளியை மடக்கை அளவில் பதியும்) காட்சிகளிலும், சாதாரண நிறத்துக்கு மாற்றுமுன் நாய்ஸை நீக்குவதே பொதுவாக நல்லது. மிகவும் இருண்டு பதிவான காட்சியில் மட்டும், வெளிச்சத்தைக் கொஞ்சம் சரிசெய்தபின் நீக்குகிறவர்கள் உண்டு. நாய்ஸ் எவ்வளவு என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது.

நிறத் திருத்தத்துக்குள் முழுப் படத்தின் வெளிச்சமும் ஒயிட் பேலன்ஸும் முதலில். முகத்தின் தோல் நிறத்தை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுவது பிறகு. தேர்வு முடிந்தபின் முன்னிருக்கும் ஒயிட் பேலன்ஸைத் தொட்டால் தேர்வு நழுவி, சுவரும் மரச்சாமானும் அதற்குள் வந்துவிடும். பெரும்பாலான எல்.யூ.டி. (நிற மாற்ற அட்டவணை) கோப்புகள் 0 முதல் 1 வரையுள்ள மதிப்புகளையே ஏற்று, மிஞ்சியதை வெட்டுகின்றன. ஆகவே மிகை வெளிச்சத்தை எல்.யூ.டி.க்கு முன்பே இறக்கியாக வேண்டும். எல்.யூ.டி.யை முதலில் போட்டுவிட்டு, போன வெண்மையைப் பிறகு மீட்கப் பார்ப்பது புதியவர்களிடம் அடிக்கடி காணப்படும் பிழை.

வெளியீட்டு அளவுக்கு மாற்றுவது, கூர்மையாக்கம், சேர்க்க நினைத்தால் ஃபிலிம் கிரெய்ன் ஆகியவை இறுதியில். தொலைக்காட்சிக்குச் செல்லும் படத்தில், அனுமதித்த எல்லைக்குள் சிக்னலை நிறுத்தும் லிமிட்டர் இவற்றுக்கும் பின்னால். கூர்மையாக்கமே எல்லையை மீறச் செய்யும் என்பதால்.

மென்பொருள்கள் இந்த வரிசையை வெவ்வேறு விதமாகக் காட்டுகின்றன. எஃப்.எஃப்.எம்பெக்கில் காற்புள்ளியிட்டு எழுதும் ஃபில்டர்கள் இடமிருந்து வலமாக ஓடும். டாவின்சி ரிசால்வில் நோடுகளின் இணைப்பே வரிசை. பிரீமியர் புரோவில் எஃபெக்ட்டுகள் மேலிருந்து கீழாக இயங்கினாலும், அளவையும் இடத்தையும் மாற்றும் ‘மோஷன்’ பட்டியலில் மேலே தெரிந்துகொண்டே கடைசியில்தான் செயல்படும். அதை முன்னால் கொண்டுவர வேண்டுமானால் கிளிப்பை நெஸ்ட் செய்து, அந்த நெஸ்ட்டின் மேல் மற்ற எஃபெக்ட்டுகளைப் போட வேண்டும்.