திருவிழாக் காலமும் தந்தசுத்தியும்

கோயிலுக்குப் புறப்படுபவன் முதலிற் செய்யவேண்டியது யாது? நீராடுதல் என்பர் பலர். அதற்கும் முந்தியது பல் விளக்குதல். நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) தமது சைவ வினாவிடை இரண்டாம் புத்தகத்திலே, சைவன் நாள்தோறும் செய்யவேண்டிய கருமங்களைக் கூறுமிடத்துத் தந்தசுத்தியையும் சேர்த்து விதித்திருக்கின்றார். வாயைத் துப்புரவாக்காமல் நாமஞ் சொல்லலாகாது என்பது நம் பெரியோர் கொள்கை. ஆயினும் வருடத்தில் நாம் மிகுதியாக வழிபடும் நாட்களே பல் விளக்குவதை மிகுதியாக மறக்கும் நாட்களுமாய் இருக்கின்றன. இது எப்படி வந்தது என்று சிறிது பார்ப்போம்.

வன்னியிலே பல் விளக்கப் பொருள் தேடி அலையவேண்டியதில்லை. வளவு வேம்பும், குளக்கட்டு ஆலும், பற்றைக்காட்டு வேலும், வேலியோரத்து நாயுருவியும் போதும். ஆலையும் வேலையும் பழமொழி இணைத்துச் சொல்வது யாவரும் அறிந்ததே. குச்சியின் நுனியை மென்று தும்பாக்கித் தேய்க்கையில் அதன் கசப்பும் துவர்ப்பும் உமிழ்நீரை ஊறச் செய்யும். பல்லைக் காப்பதிலே உமிழ்நீருக்கு நிகரில்லை. உமிக்கரியைப் பற்றி மாத்திரம் எமக்கு அவ்வளவு நல்லெண்ணமில்லை. அது பல்லை வெண்மையாக்கும். கூடவே பல்லின் மேற்படையாகிய எனாமலையும் அராவிவிடும்.

இனித் திருவிழாவுக்கு வருவோம். வைகாசி விசாகத்தையொட்டி முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலிலே பொங்கி, அடுத்து வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் சந்நிதியிலே பொங்குவது வழக்கம். கடல்நீரில் விளக்கெரியும் அந்தப் பொங்கலுக்கு வருகின்ற அடியார்கள் விடியும்வரை கோயில் வளவிலேயே தங்குவர். முற்காலத்திலே இனிப்பென்றால் பொங்கலும் மோதகமுமே. அவையும் படையல் முடிந்தபின் ஒருமுறை கிடைப்பவை. இன்றோ வீதியின் இருமருங்கும் கச்சான் கடைகள். கச்சான் அல்வா, தும்பு முட்டாஸ், ஐஸ்பழம், சோடா. பிள்ளை மாலை தொடங்கி நடுச்சாமம்வரை ஏதாவதொன்றைச் சப்பிக்கொண்டேயிருக்கும். பின்பு கன்னத்தில் அல்வாத் துண்டோடு தாயின் மடியில் நித்திரையாகிவிடும். (பனங்கட்டி நல்லது, சீனிதான் கெட்டது என்று சிலர் வாதிப்பதுண்டு. பல்லுக்கு அந்த வேறுபாடு தெரியாது.)

சூத்தைப்பல்லுக்குப் புழுவே காரணமென்று நம்மவர் கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகைபிடித்தனர். இந்நம்பிக்கை நமக்கு மாத்திரம் உரியதன்று; ஐரோப்பாவிலும் இருந்தது. பிரான்சு தேசத்துப் பல் வைத்தியர் பியர் போஷார், 1728ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, தாம் தேடிப் பார்த்தும் அப்படி ஒரு புழுவைக் காணவில்லை என்றார். வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன, அவ்வமிலமே பல்லைக் கரைக்கின்றது என்று 1890ஆம் ஆண்டளவில் விளக்கியவர் மில்லர் என்னும் அமெரிக்கர். 1940களில் இஸ்டீபன் என்பார் அதை அளந்தே காட்டினார். சர்க்கரை வாயிற் பட்ட சில நிமிடங்களில் அமிலம் ஏறுகின்றது. உமிழ்நீர் அதைத் தணித்து முடிக்க அரைமணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அதற்குள் இன்னொரு துண்டு அல்வா வந்தால் கணக்கு மறுபடியும் தொடக்கத்திலிருந்து! நித்திரையிலே உமிழ்நீர் ஊறுவதும் குறைவு.

சுவீடன் தேசத்து லுண்ட் நகரிலுள்ள விப்பெகோல்ம் என்னும் அறிவுவளர்ச்சி குன்றியோர் மருத்துவமனையிலே 1945 முதல் சில ஆண்டுகள் நடந்த சோதனை இதனை உறுதிப்படுத்தியது. சாப்பாட்டோடு சர்க்கரை உண்டவர்களுக்குச் சூத்தை சிறிதே கூடியது. சாப்பாட்டுக்கு இடையிடையே பல்லில் ஒட்டும் டொபியைத் தின்றவர்களுக்கோ மிகக் கூடியது. மறுத்துச் சொல்ல வழியற்ற நோயாளர்மேல் இதனைச் செய்தது பெரும் பிழையென்று பின்னர் உலகம் கண்டித்தது. ஆயினும் அதனால் அறிந்த செய்தி மெய்யே. எவ்வளவு தின்றோம் என்பதைப்போலவே எத்தனை தரம் தின்றோம் என்பதும் பல்லுக்கு முக்கியம்.

முரசின் கதை வேறு. முரசு நாட்களை எண்ணும். 1965ஆம் ஆண்டில் டென்மார்க்கிலே லோ என்னும் பேராசிரியர், நல்ல முரசுடைய பன்னிருவரைப் பல் விளக்காதிருக்கச் செய்தார். பத்து முதல் இருபத்தொரு நாட்களுக்குள் எல்லோருக்கும் முரசு அழன்றது. மீண்டும் விளக்கத் தொடங்கியபின் ஏறக்குறைய ஒரு வாரத்திலே குணமாயிற்று. நம் கோயில்களிலே பத்து நாள் கொடியேற்றத் திருவிழா நடப்பதை எண்ணிப் பாருங்கள்.

அதே லோ அவர்கள்தாம் பின்பு நம் நாட்டுக்கு வந்தார். 1970 தொடங்கி 1985வரை, பூண்டுலோயாப் பகுதித் தேயிலைத் தோட்டங்கள் இரண்டிலே 480 தமிழ்த் தொழிலாளரை அவருடைய குழுவினர் பதினைந்து வருடம் தொடர்ந்து பரிசோதித்தனர். இவர்களிடம் பல் விளக்கும் வழக்கம் இல்லை. சூத்தையும் ஏறக்குறைய இல்லை. ஆனால் முரசு நோய் எல்லோரிடமும் இருந்தது. நூற்றுக்கு எட்டுப் பேருக்கு அது விரைந்து முற்றியது. அவர்கள் 45 வயதுக்குள் பற்கள் யாவற்றையும் இழந்தனர். நூற்றுக்குப் பதினொருவருக்கு முரசு அழற்சியோடு நின்றுவிட்டது. எஞ்சியோர் இடைநடுவே. உலகத்துப் பல் வைத்திய நூல்களெல்லாம் எடுத்தாளும் இக்கணக்கு நம் உறவினரின் வாயிலிருந்து எடுத்த கணக்கு! 1970களிலே, சிறப்பாக 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின், மலைநாட்டிலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் பல. சூத்தையில்லாவிடில் பல் நலம் என்று இருந்துவிடலாகாது என்பதை அத்தோட்டத்து மக்கள் பல்லைக் கொடுத்துக் காட்டினார்கள்.

வவுனியாப் பகுதிப் பிள்ளைகள் சிலருடைய பற்களிலே பழுப்புக் கறை உண்டு. பல் விளக்காத குற்றமென்று ஆசிரியர்கள் அவர்களை ஏசுதல் தகாது. கிணற்று நீரிலே புளோரைட்டு மிகுந்திருப்பதே காரணம். பல் உருவாகும் எட்டு வயதுக்குள் அக்கறை பிடித்துவிடும், உமிக்கரியால் உரஞ்சினாலும் போகாது. ஒரு லீற்றரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பற்பசையிலுள்ள சிறிதளவு புளோரைட்டோ பல்லுக்கு நன்மையே. சிறு பிள்ளைகள் அதை விழுங்காமற் பார்த்துக்கொண்டால் போதும்.

பெரியோர்களுக்கு ஒரு வார்த்தை. வெற்றிலை முரசை இறுக்குமென்பர். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என 2004ஆம் ஆண்டில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அறிவித்தது. வாயில் வெண்படை தோன்றினாலும், வாய் முழுதும் திறக்க முடியாமற் போனாலும், நோகவில்லையே என்று இராமல் பல் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

சங்கத்து வாலிபர்கள் திருவிழாத் தோறும் தண்ணீர்ப்பந்தல் போடுகின்றார்கள். மோரோடும் சர்க்கரைத் தண்ணீரோடும், வாய் கொப்பளிக்க ஒரு குடம் வெறுந்தண்ணீரையும் பந்தலின் ஓரத்தில் வைக்கலாம். நடுச்சாமத்துக்குமுன் ஒருமுறை, நித்திரையாகப் போகும் பிள்ளைகளைத் தாய்மார் அங்கே கூட்டிவந்து வாயைக் கொப்பளிக்கச் செய்யும்படி ஒலிபெருக்கியிலே அறிவித்தால் போதும். அதற்குச் சதமும் செலவில்லை.