எல்லை கடந்த வாடல்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிப் பாலக்காடு ஜில்லாவில் உள்ள வேலந்தாவளத்தில் சரக்கு வண்டிகளை நிறுத்தச் சாவடி உண்டாயினும், தென்னையின் வியாதியை நிறுத்த எந்தச் சாவடியும் இல்லை. 1882-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின் திருவிதாங்கூரின் ஈராற்றுப்பேட்டையில் முதலில் காணப்பட்டு, காலக்கிரமத்தில் பொள்ளாச்சிச் சீமை வரை பரவிய வேர்வாடல் நோய்க்குக் காரணம் பைட்டோபிளாஸ்மா என்னும் சூட்சும உயிரி என்பது, ஒரு நூற்றாண்டு கழிந்த பிறகே, 1983-இல் தெளிவாயிற்று. கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் அதனைச் சுமந்து செல்கின்றன.

நோயுற்ற மரத்தின் சிற்றிலைகள் விலா எலும்புகளைப் போல் உள்வளைந்து, மஞ்சளித்து, ஓரம் கருகும். மரமோ சட்டென மாயாமல் ஆண்டுக்கணக்கில் நலிந்து நின்று, அயல் மரங்களுக்கும் வியாதியை வழங்கும். ஆகவேதான் ஆண்டுக்குப் பத்துக் காய்க்கும் குறைவாகத் தரும் மரங்களை அகற்றிவிடுமாறு விஞ்ஞானிகள் உபதேசிக்கின்றனர்.

நடுத்தோப்பில் நிற்பதை அடியில் வெட்டிச் சாய்க்கலாம். சாலையோரத்திலும் வீட்டருகிலும் நிற்பதையோ, மரமேறத் தெரிந்தவர் உச்சிக்குச் சென்று குலையும் மட்டையும் கழித்து, தண்டைத் துண்டு துண்டாக அறுத்து, வடத்தில் கட்டி இறக்குவதே விவேகம். கூலியை மிச்சம்பிடிக்கக் கருதி அதனை ஒரே வெட்டில் வீழ்த்துவது சிக்கனமன்று, அபாயமே.