பள்ளிக்கூடமா... கிரேக்கக் கோயிலா? பாரிமுனை பச்சையப்பன் மண்டபத்தின் கதை

படாளம், செங்கல்பட்டு பக்கமிருந்து ரயிலில் பாரிமுனைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கடக்கும் கட்டடம் அது. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, என்.எஸ்.சி. போஸ் சாலையின் கடைகளுக்குப் பின்னால் உயரமான தூண்களோடு நிற்கிறது பச்சையப்பன் மண்டபம்.

யார் இந்த பச்சையப்பர்?

1754இல் பிறந்த பச்சையப்ப முதலியார், தகப்பன் முகம் பார்க்காத பிள்ளை. துபாஷியாக, அதாவது ஆங்கிலேயர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் வியாபார இடைத்தரகராகவும் இருந்து பெரும் செல்வம் சேர்த்தார். 1794இல், 40 வயதில் இறந்தார்.

உயிலில் பள்ளிக்கூடமே இல்லையா?

சொத்தை அவர் எழுதி வைத்தது கோயில் பூஜைக்கும் தர்ம காரியங்களுக்கும்தான். ஆனால் அவர் இறந்த பிறகு சொத்து வழக்கில் சிக்கியது. அரசுத் தலைமை வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன் உள்ளிட்டோரின் முயற்சியால், கோயில் தர்மம் போக மிஞ்சிய பணம் கல்விக்குத் திரும்பியது. 1842இல் ஏழை மாணவர்களுக்கான இலவசப் பள்ளி தொடங்கியது. வெள்ளைக்காரர் பணம் இல்லாமல், நம்மூர்க்காரர் ஒருவரின் சொத்திலேயே நடந்த பள்ளி இது.

கட்டடத்தில் என்ன ஸ்பெஷல்?

1846இல் அடிக்கல் நாட்டியவர் அதே நார்ட்டன். 1850இல் திறந்து வைத்தவர் சென்னை ஆளுநர் ஹென்றி பாட்டிஞ்சர். ஏதென்ஸ் நகரின் தீசியஸ் கோயிலை முன்மாதிரியாக வைத்துக் கட்டினார்கள். கோயிலுக்கென்று எழுதிய பணத்தின் மிச்சத்தில் பள்ளி எழுந்தது. அந்தப் பள்ளிக்கும் கோயில் வடிவமே அமைந்தது!

யாரெல்லாம் படித்தார்கள்?

பள்ளி 1889இல் கல்லூரியானது. கணித மேதை ராமானுஜன் இங்கே படித்தார். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த காஞ்சிபுரத்திலும் இதே அறக்கட்டளை பள்ளி நடத்தியது. அங்கே படித்த அண்ணா, பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். கல்லூரி சேத்துப்பட்டுக்கு மாறியது 1940இல்தான்.

ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. தர்மப் பள்ளி என்றாலும் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. 1947 வரை இந்து மாணவர்களுக்கு மட்டுமே அங்கே இடம். எல்லா மதத்தினரும் உள்ளே வர, பச்சையப்பர் இறந்து 153 ஆண்டுகள் ஆனது.

அடுத்த முறை பாரிமுனை போனால், கடைகளுக்கு மேலே கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள்.