நாளைக்கு வரும் வண்டி

நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பிற்காலத்தில் இன்னது நடக்கும் என்று தைரியமாக எழுதிவிடலாம். நடக்காவிட்டால் யாரும் வாசலில் வந்து நின்று கணக்குக் கேட்கப் போவதில்லை. பிரெஞ்சு நாவலாசிரியர் ஜூல்ஸ் வெர்ன் எழுதிய 'மர்மத் தீவு' 1874-இல் வெளிவரத் தொடங்கியது. நிலக்கரி தீர்ந்துபோனால் மனிதர்கள் எதை எரிப்பார்கள் என்ற கேள்வி அதில் எழுகிறது. தண்ணீரைத்தான் என்கிறார் கதையில் வரும் இன்ஜினீயர். மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரை ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரித்து எரிக்கலாம் என்பது அவர் கட்சி.

இந்தச் சௌகரியத்தைச் சர்க்கார்களும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? அதுதான் இந்தச் சரித்திரம்.

முதலில் லெனின்கிராடு நகரத்துக்குப் போவோம். 1941-இல் ஜெர்மன் சேனை அந்நகரைச் சூழ்ந்துகொண்டது. எதிரி விமானங்கள் தாழப் பறக்காதபடி தடுப்பதற்காக, ஹைட்ரஜன் நிரப்பிய பெரிய பலூன்களைக் கம்பி வடங்களில் கட்டி ஆகாயத்தில் நிறுத்தியிருந்தார்கள். அவற்றை ஏற்றி இறக்குவது லாரி எஞ்சின்கள். லாரிக்கோ பெட்ரோல் கிடைக்கவில்லை. நாளடைவில் பலூனுக்குள் காற்று புகுந்து வாயு கெட்டுப்போகும்; அதைத் திறந்து வெளியே விட்டுவிடுவது வழக்கம். போரிஸ் ஷெலிஷ் என்ற ராணுவ நிபுணர், இப்படி வீணாகப் போகும் வாயுவை லாரி எஞ்சினுக்கே கொடுத்துப் பார்த்தார். நெருப்பு குழாய் வழியே திரும்பிப் பாய்ந்து வெடித்தது. அவர் மனம் தளரவில்லை. குழாயின் நடுவே தண்ணீரால் ஒரு தடுப்பு வைத்தார். அதன் பிறகு எஞ்சின்கள் ஒழுங்காக ஓடின.

இதில் ஒரு விஷயத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஷெலிஷ் ஹைட்ரஜனைத் தேடிப் போகவில்லை. அது அவர் தலைக்கு மேலேயே, குப்பையில் கொட்டும் பொருளாக இருந்தது. ஆனால் நிலக்கரியைப் போலவோ எண்ணெயைப் போலவோ வெட்டி எடுத்து விற்கும் அளவுக்கு ஹைட்ரஜன் சுரங்கம் எங்கும் கைவசம் இல்லை. அதை வேறு சக்தியைச் செலவழித்துத்தான் உண்டாக்க வேண்டும்.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். 1993-இல் ஜனாதிபதி கிளின்டன் டெட்ராய்ட்டின் மூன்று பெரிய மோட்டார்க் கம்பெனிகளோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். ஒரு குடும்பம் வசதியாகப் போகக்கூடிய கார், ஒரு காலன் எண்ணெயில் 80 மைல் ஓட வேண்டும். அதாவது அப்போது இருந்ததைப்போல் மூன்று மடங்கு. 2000-இல் மாதிரி வண்டிகள் வெளிவந்தன. 80 மைலை எட்டியும், எட்டும் தூரத்திலும் இருந்தன. விலை அதிகம்தான். ஆனாலும் வண்டி கண்ணெதிரே நின்றது.

2002 ஜனவரியில் புஷ் சர்க்கார் அந்தத் திட்டத்தை மூடிவிட்டு, ஹைட்ரஜன் கார் என்று புதுப் பாட்டு ஆரம்பித்தது. 2003 ஜனவரி 28-ஆம் தேதி ஜனாதிபதி புஷ் 120 கோடி டாலர் திட்டத்தை அறிவித்தார். இன்று பிறக்கும் குழந்தை முதன்முதலாக ஓட்டும் கார் ஹைட்ரஜனில் ஓடக்கூடும் என்பது அவர் கொடுத்த நம்பிக்கை. சபை கைதட்டியது. கைதட்டுவதில் யாருக்கு என்ன கஷ்டம்? பதினாறு வருஷம் கழித்து வரப்போகும் வண்டிக்காக இந்த வருஷம் எந்தக் கம்பெனியும் எதையும் மாற்ற வேண்டியதில்லையே!

கணக்குப் போட்டவர்கள் கைதட்டவில்லை. எடைக்கு எடை பார்த்தால் ஹைட்ரஜனில் பெட்ரோலைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் சக்தி உண்டு. ஆனால் அதைக் காரில் அடைப்பதற்குக் காற்று மண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 700 மடங்கு அழுத்த வேண்டும். மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, அழுத்தி, சுமந்துபோய், மறுபடி காரில் மின்சாரமாக்கினால், போட்டதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சேரும். அதே மின்சாரத்தைப் பாட்டரியில் ஏற்றினால் முக்கால் பங்கு சேரும். சந்தையில் விற்கும் ஹைட்ரஜனில் பெரும்பகுதியோ இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருவது. 2009-இல் எரிசக்தி மந்திரி ஸ்டீவன் சூ இந்தக் காருக்கான பணத்தை வெட்டப் பார்த்தார். அமெரிக்கக் காங்கிரஸ் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

அந்தக் குழந்தைக்கு 2019-இல் பதினாறு வயது நிரம்பியது. தேசம் முழுவதிலும் சில ஆயிரம் ஹைட்ரஜன் கார்களே ஓடின. அவற்றுக்கு வாயு நிரப்பும் நிலையங்கள் அநேகமாக எல்லாமே கலிபோர்னியாவில் இருந்தன. வேறு ஊரில் பிறந்த பிள்ளை பெட்ரோல் காரைத்தான் ஓட்டியிருக்கும்.

ஹைட்ரஜன் மேல் குற்றம் சொல்லவில்லை. உரம் செய்ய அது இல்லாமல் முடியாது. இரும்பு உருக்கவும் உதவும். நம் சர்க்காரும் 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய்ச் செலவில் ஒரு திட்டத்துக்குச் சம்மதம் அளித்திருக்கிறது. 2030-க்குள் வருஷத்துக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் உண்டாக்குவது நோக்கம். நல்ல காரியம். கைதட்டுவதற்கு முன்னால் நாம் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டுவைப்போம். அந்த வாயுவை உண்டாக்கும் மின்சாரம் எங்கிருந்து வரும்? அது வருகிற வரையில், கையில் இருக்கிற வண்டியை என்ன செய்யப் போகிறீர்கள்?