வெள்ளுடுப்பு இரவுகள்

மேலைநாடுகளில் குடியேறிய நம்மவர் பலருக்கு இப்பொழுது 'நட்கிராக்கர்' என்ற பெயர் நன்கு பழக்கமாகிவிட்டது. மார்கழி மாதம் வந்தால் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாலே நடனம் பயிலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதைப் பார்க்கப் போகிறார்கள். சைக்கோவ்ஸ்கி இசையமைத்த இந்த நடனம் 1892 டிசம்பர் 18இல் ருஷ்யாவின் ஸென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் முதன்முதலாக மேடையேறியபோது பெரிதாக எடுபடவில்லை. 1944இல் சான் பிரான்சிஸ்கோவிலும் 1954இல் நியூயோர்க்கிலும் மேடையேற்றப்பட்ட பின்னரே அது நத்தார்க் காலத்துச் சடங்காக மாறியது. இன்று அமெரிக்காவில் பல நடனக் குழுக்களின் வருட வருமானத்தில் பெரும்பங்கு இந்த ஒரு நடனத்திலிருந்தே கிடைக்கிறது.

அங்கே இன்னொரு வழக்கமும் வளர்ந்திருக்கிறது. ரசிகர்கள் ஒத்திகையைப் பார்க்க விரும்புகிறார்கள். ஆடுபவர் வியர்வையோடு தடுமாறுவதையும் ஆசிரியர் நிறுத்தித் திருத்துவதையும் பார்ப்பதற்கென்றே நுழைவுச்சீட்டு விற்கிறார்கள். 2014 முதல் உலகப் பாலே தினம் என்று ஒருநாளை வைத்து, பெரிய குழுக்கள் தம் பயிற்சியை இணையத்தில் நேரடியாகவும் காட்டி வருகின்றன. இதைப் புதுமையென்று வியந்து எழுதுகிறார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய கூத்து ரசிகர் ஒருவர் இதைக் கேட்டிருந்தால், "ஒத்திகையை மூடி வைச்சு ஆர் பழகினது?" என்று சிரித்திருப்பார்.

குருநகர், பாஷையூர், நாவாந்துறை போன்ற கரையோரக் கத்தோலிக்கக் கிராமங்களில் கூத்தென்பது ஓரிரவு நிகழ்ச்சி அன்று. பல மாதக் காரியம். ஊர்ப் பெரியவர்கள் கூடிக் கதையைத் தீர்மானித்து, அண்ணாவியாரை அழைத்து, ஆளுக்கேற்ற வேடம் பங்கிட்ட பிறகு இரவு தோறும் பழக்கம் நடக்கும். ஏட்டைப் பார்த்து அண்ணாவியார் ஒரு தருவைப் பாடுவார். வேடக்காரர் திருப்பிப் பாடுவார். மற்றவர்கள் பிற்பாட்டு எடுப்பார்கள். பகலில் கடலில் வலை இழுத்தவர்களும் கூலிவேலை செய்தவர்களுமே இரவில் அரசர்களாகவும் மந்திரிகளாகவும் அங்கே நின்றார்கள். அவர்களைச் சுற்றி ஊர் உட்கார்ந்திருக்கும். நடிகனை விடப் பார்வையாளருக்கு முன்னதாகப் பாட்டு மனப்பாடமாகிவிடும். தாளம் தப்பினால் இருட்டிலிருந்து ஒரு கிழவியின் குரல் திருத்தும். பெண் வேடமும் ஆண்களுக்கே உரியது என்பதால், அடுத்த வீட்டுப் பொடியன் மெல்ல மெல்ல ஞானசௌந்தரியாக மாறுவதை அயலவர் அத்தனை பேரும் கண்டிருப்பார்கள். அரங்கேற்ற இரவில் மணி தைத்த உடுப்பும் முடியுமாக அவன் வந்து நிற்கும்போது அவர்கள் கண்ட மகிழ்ச்சியை, நேராக மேடையை மட்டும் பார்த்தவர் அறிய வழியில்லை.

அரங்கேற்றத்துக்கு முன் 'வெள்ளுடுப்பு' என்று ஒரு நாள் உண்டு. ஆடை அணிகலன் எதுவுமின்றி வெள்ளை உடுப்போடு முழுக் கூத்தையும் ஆடிக் காட்டும் நாள் அது. ஆடையின் மினுக்கம் குறையை மறைக்காது. குரலும் ஆட்டமும் மட்டுமே நிற்கும். மட்டக்களப்பில் இதே படிநிலைகளுக்கு வேறு பெயர்கள்: சட்டங்கொடுத்தல், சதங்கை கட்டுதல், அடுக்குப் பார்த்தல். ஒவ்வொன்றும் ஒரு சடங்கு, ஒவ்வொன்றுக்கும் ஊர் திரளும். பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் அரங்கேற்றத்துக்குத்தான் செய்தி போட்டோம். அதுவும் தலைமை தாங்கியவரின் பெயரை முதலில் போட்டு. பழக்க இரவுகளைப் பற்றி ஒரு பத்தி எழுதவேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை.

பண்டிகையும் கூத்தும் ஒட்டிப் பிறந்தவை. மன்னாரில் மூவிராசாக்கள் நாடகம் உண்டு; பாலன் யேசுவைத் தேடிவந்த ஞானியர் மூவரின் கதை. 1981இல் தனி மறைமாவட்டமாகும் வரை மன்னார் யாழ்ப்பாண மறைமாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. ஆகவே கூத்து ஏடுகளும் அண்ணாவிமாரும் இருபுறமும் போய்வந்ததில் வியப்பில்லை. தவக்காலத்தில் யேசுவின் பாடுகளைக் காட்டும் 'பாஸ்' வரும். சைவ ஊர்களில் மாரியம்மனுக்கு நேர்த்தி வைத்துக் காத்தவராயன் கூத்தாடுவார்கள். அதில் ஒரே காத்தவராயனைப் பருவத்துக்கு ஒருவராகப் பலர் ஆடுவர். கழுமரம் ஏறும் கட்டத்தில் கூட்டத்தில் அழாதவர் குறைவு.

ஒத்திகையைப் பெரிதாக நம்பாத மரபும் குடாநாட்டில் இருந்தது. தமிழகத்திலிருந்து வந்த குழுக்கள் கொட்டகை போட்டு ஆடியதிலிருந்து வளர்ந்த இசை நாடகம் அது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் மேடையிலேயே சந்தித்து, தெரிந்த கதையைத் தெரிந்த பாட்டுகளால் நடத்திச் செல்வதே 'ஸ்பெஷல்' நாடகத்தின் வழக்கம். காங்கேசன்துறையின் நடிகமணி வி. வி. வைரமுத்து இம்மரபின் சிகரம். அவருடைய 'மயான காண்டம்' 3000 தடவைக்கு மேல் மேடையேறியதாகச் சொல்வார்கள். அத்தனை தரம் ஆடிய பின் ஒத்திகை எதற்கு? ஒவ்வொரு மேடையும் அடுத்த மேடைக்கான ஒத்திகைதான்.

அதே வலிகாமம் வடக்கில், காங்கேசன்துறைக்கு அண்மையில் உள்ள தெல்லிப்பழையைச் சேர்ந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். இருவரும் 1924இல் பிறந்து 1989இல் மறைந்தவர்கள். 1956இல் சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள நாடகத்துக்குத் தந்த எழுச்சியைக் கண்ட வித்தியானந்தன், பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியவற்றை 1960களில் மேடையேற்றினார். அண்ணாவிமாரை அழைத்துக் கௌரவித்தார். கூத்து ஏடுகளைப் பதிப்பித்தார். கூத்தாடி என்று இகழப்பட்டவனுக்குப் படித்தவர் சபையில் இடம் கிடைத்தது அவராலேயே. விடியும்வரை ஆடிய கூத்தை ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கியதும் அவரே. அதைக் குறையாக நான் கருதவில்லை. சுருக்கியிராவிட்டால் நகரத்தார் பார்த்திருக்கமாட்டார்கள். எனினும் பல்கலைக்கழக மண்டபத்துக்குள் பழகிய கூத்துக்கு, இருட்டிலிருந்து திருத்தும் கிழவி இல்லை.

மிச்சத்தைப் போர் பறித்தது. கூத்துக்கு முதல் தேவை இரவு. 1980களின் ஊரடங்குச் சட்டம் அந்த இரவைப் பிடுங்கிக்கொண்டது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். வைரமுத்து பாடித் திரிந்த ஊர்களும் வித்தியானந்தன் பிறந்த மண்ணின் சுற்றுப்புறமும் பிறகு உயர் பாதுகாப்பு வலயமாகிப் பல்லாண்டு ஆளின்றிக் கிடந்தன. பொருளாதாரத் தடையும் அதே காலத்தில் வந்தது. விளக்குக்கு மண்ணெண்ணெய் தேடி அலைந்த ஊரில், மாதக்கணக்காக விளக்கெரித்துக் கூத்துப் பழகுவது எப்படி? 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணமே எழுந்து நடந்தது. யார் வீட்டு ஏடு எந்தப் பெட்டியில் போயிற்றென்று எவர் கணக்கு வைத்தார்கள்?

இந்த இருட்டுக்குள்ளும் ஒருவர் தவணை தவறாமல் ஒத்திகை வைத்தார். இளவாலையில் 1939இல் பிறந்த நீ. மரியசேவியர் அடிகள் 1965இல் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கினார். தவக்காலத் திருப்பாடுகளின் நாடகம் அதன் அடையாளமாயிற்று. பெருங்கூட்டமாக நடிகர்கள் தோன்றும் அந்த நாடகத்தை மன்றம் போர்க்காலத்திலும் மேடையேற்றியது. ஷெல் எங்கே விழுமென்று தெரியாத மாலையில் வீட்டை விட்டுப் பிள்ளையை ஒத்திகைக்கு அனுப்ப ஒரு தாய்க்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! கத்தோலிக்கர் மன்றமாகத் தொடங்கியது, காலப்போக்கில் சைவரும் சேர்ந்து நடிக்கும் மன்றமானது. சொற்களே இல்லாத நாடகங்களையும் அவர்கள் ஆடினார்கள். பாலேக்கு மிக அருகில் யாழ்ப்பாணம் வந்து நின்றது அப்போதுதான் என்பேன்.

அடிகள் 2021 ஏப்ரல் 1ஆம் திகதி மறைந்தார். அன்று பெரிய வியாழன். மறுநாள் திருப்பாடுகளின் வெள்ளி.